நீண்டகாலப் பராமரிப்பில் மருந்து கொடுப்பவர்: பயிற்சி, பொறுப்பு, எல்லை

பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவர், மறதிநோய் உள்ளவர், பார்வை குன்றியவர், தள்ளாத வயதினர் ஆகியோரால் தமக்குரிய மருந்துகளைத் தாமே சரியாக எடுத்துக்கொள்ள இயலாது. அவர்களுக்கு மற்றொருவர் நாள்தோறும் வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியுள்ளது. வீட்டில் மகளோ மருமகளோ வாழ்க்கைத்துணையோ இப்பணியைச் செய்கின்றனர். முதியோர் இல்லங்களில் பணியாளர்கள் செய்கின்றனர். சில குடும்பங்களில் சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட உதவியாளர் செய்கிறார். இக்கட்டுரையில் இவர்கள் அனைவரையும் ‘மருந்து உதவியாளர்’ என்று குறிப்பிடுகிறோம்.

மருந்து கொடுப்பது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் தவறான மாத்திரை, இருமுறை கொடுக்கப்பட்ட மாத்திரை, அளவு மாறிய இன்சுலின் ஆகியவை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு ‘தீங்கற்ற மருந்துப் பயன்பாடு’ என்னும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. பல மருந்துகளை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளுதல், ஆபத்து மிகுந்த சூழல்களில் மருந்துகளைக் கையாளுதல், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சிகிச்சை மாறுதல் ஆகிய மூன்றையும் அந்நிறுவனம் முதன்மைக் கவனத்திற்குரியவையாகக் குறித்தது. நீண்டகாலப் பராமரிப்பில் இருப்பவரிடம் இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தே காணப்படுகின்றன. ஆகவே, இப்பணியைச் செய்பவருக்கு முறையான பயிற்சி அவசியம்.

பயிற்சி ஏன் தேவை?

புறநோயாளிப் பிரிவில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். முதியவர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்திற்கு மாதந்தோறும் மாத்திரை பெற்று வருகிறார். இடையில் உடல்நலம் குன்றி வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். வீடு திரும்பும்போது புதிய மருந்துச் சீட்டு தரப்படுகிறது. அதில் உள்ள மாத்திரையின் வணிகப்பெயர் வேறு. உள்ளே இருக்கும் மருந்து பழையதே. வீட்டிலிருப்பவர் பழையதையும் விடவில்லை, புதியதையும் விடவில்லை. இரண்டையும் கொடுக்கிறார். சில நாட்களில் முதியவருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டுக் கழிவறையில் விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது.

இதில் மருந்து கொடுத்தவரிடம் அக்கறைக் குறைவு ஏதுமில்லை. அவர் மிகுந்த அக்கறையுடன்தான் இரண்டையும் கொடுத்தார். குறைந்தது அக்கறை அன்று, பயிற்சி. மாத்திரை அட்டையில் வணிகப்பெயருடன் அச்சிடப்பட்டுள்ள மருந்தின் பொதுப்பெயரைப் படித்து ஒப்பிட வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

பிற நாடுகளில் உள்ள முறை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் மருந்து கொடுப்பதற்கெனத் தனிச் சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள் பணியாற்றுகின்றனர். பயிற்சி நேரம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 140 மணி நேரப் பயிற்சியும் நெப்ராஸ்கா மாநிலத்தில் 40 மணி நேரப் பயிற்சியும் விதிக்கப்பட்டுள்ளன. டெக்சாஸின் 140 மணி நேரத்தில் 100 மணி நேரம் வகுப்பறைப் பாடம். 30 மணி நேரம் கற்றதைச் செய்து காட்டும் ஆய்வகப் பயிற்சி. 10 மணி நேரம் செவிலியரின் மேற்பார்வையில் நேரடிப் பயிற்சி.

அம்முறையில் நாம் கவனிக்க வேண்டியது, பயிற்சி பெற்றவருக்கும் தெளிவான எல்லை வகுக்கப்பட்டிருப்பதே. டெக்சாஸில் இத்தகைய உதவியாளர் ஊசி போடக் கூடாது. உணவுக்குழாய் வழியாக மருந்து செலுத்தக் கூடாது. மருந்தின் அளவைத் தாமே கணக்கிடக் கூடாது. ஒருவருக்குப் புதிதாகத் தொடங்கப்படும் மருந்தின் முதல் வேளையைக் கொடுக்கக் கூடாது. இவை செவிலியரின் பொறுப்பு.

நம் நாட்டில் மருந்து கொடுப்பதற்கென்றே இவ்வாறு தனி உரிமம் வழங்கும் முறை இல்லை. செவிலியர் எப்போதும் அருகில் இருக்க இயலாத வீடுகளில், இன்சுலின் ஊசி, மூக்குக்குழாய் ஆகிய பொறுப்புகளையும் குடும்பத்தினரே ஏற்க நேர்கிறது. எனவே, இங்குள்ள பராமரிப்பாளருக்குப் பயிற்சியின் தேவை மேலும் அதிகம்.

யாரிடம் பயிற்சி பெறலாம்?

• மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் வார்டு செவிலியரிடம். புறப்படும் பரபரப்பில் இதைத் தவறவிடாதீர்கள். இயன்றால் ஒரு நாள் முன்னதாகவே கேளுங்கள்.

• உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலுள்ள செவிலியரிடமும் மருந்தாளுநரிடமும்.

• தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், வலி நிவாரண மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர் ஆகியோரிடம்.

பயிற்சி என்பது கேட்டுத் தலையசைப்பது அன்று. அது மூன்று படிகளைக் கொண்டது. முதலில், செவிலியர் செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். அடுத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் செய்ய வேண்டும். இறுதியாக, என்ன மருந்து, எதற்காக, எப்போது, எவ்வளவு, எதைக் கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை உங்கள் சொற்களில் அவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல முடியாத பகுதியே உங்களுக்கு இன்னும் விளங்காத பகுதி. அதை மீண்டும் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

முதல் பாடம்: மருந்துச் சீட்டைப் படித்தல்

மருந்துச் சீட்டில் உள்ள குறியீடுகளைத் தெரிந்துகொள்வது பயிற்சியின் தொடக்கம்.

• 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.
• ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை. பி.டி. என்றால் இருமுறை. டி.டி.எஸ். என்றால் மும்முறை.
• எச்.எஸ். என்றால் இரவு படுக்கும் நேரத்தில்.
• ஏ.சி. என்றால் உணவுக்கு முன். பி.சி. என்றால் உணவுக்குப் பின்.
• எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்படும்போது மட்டும். இக்குறியீடு இருப்பின், எந்த அறிகுறிக்குக் கொடுக்க வேண்டும், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை கொடுக்கலாம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்ற சொல்லை முழுமையாக எழுதுங்கள். ஆங்கில எழுத்தாகிய ‘யூ’வை மட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினால் அது பூச்சியமாகத் தோன்றி, 10 என்பது 100 ஆகப் படிக்கப்படும் ஆபத்து உண்டு. எழுத்து புரியாத இடத்தில் ஊகித்துக் கொடுக்கக் கூடாது. மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ கேட்டு உறுதி செய்த பின்னரே கொடுக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: ஆறு சரிபார்ப்புகள்

ஒவ்வொரு வேளையும் கீழ்க்காணும் ஆறையும் சரிபார்க்க வேண்டும்.

1. சரியான நபர். முதியோர் இல்லத்தில் ஒரே பெயருடையவர் இருவர் இருக்கலாம். பெயருடன் படுக்கை எண்ணையோ புகைப்படத்தையோ ஒப்பிடுங்கள்.
2. சரியான மருந்து. அட்டையிலுள்ள பொதுப்பெயரைச் சீட்டுடன் ஒப்பிடுங்கள். நிறத்தையும் வடிவத்தையும் நம்ப வேண்டாம். தயாரிப்பு நிறுவனம் மாறினால் அவையும் மாறும்.
3. சரியான அளவு. 5 மி.கி. என்றும் 50 மி.கி. என்றும் ஒரே மருந்து வெவ்வேறு வலிமையில் வரலாம்.
4. சரியான வழி. வாய் வழியா, நாக்கின் அடியிலா, கண்ணிலா, தோலிலா என்பதைக் கவனியுங்கள்.
5. சரியான நேரம்.
6. சரியான பதிவு. கொடுத்தவுடன் குறித்துவிட வேண்டும். கொடுப்பதற்கு முன்பே குறித்து வைப்பதும், மாலையில் நினைவிலிருந்து குறிப்பதும் தவறு.

அட்டையை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை, மாத்திரையைப் பிரிக்கும்போது ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை என மூன்று முறை பெயரைப் படிக்கும் பழக்கம் நல்லது. மாத்திரை பிரிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியையும் கைபேசியையும் ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் பாடம்: மருந்தின் வடிவத்திற்கேற்பக் கொடுத்தல்

மாத்திரைகள்: நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்த பின்னரே கொடுக்க வேண்டும். படுத்த நிலையில் கொடுத்தால் மாத்திரையும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். கொடுத்த பின்னர் அரை மணி நேரமாவது உட்கார்ந்த நிலையிலேயே இருக்கட்டும். பக்கவாதம் ஏற்பட்டவருக்கு விழுங்கும் திறன் உள்ளதா என்பதை மருத்துவமனையில் பரிசோதித்து அறிந்த பின்னரே வாய்வழி மருந்தோ நீரோ கொடுக்க வேண்டும். நீர் குடித்தவுடன் இருமல் வந்தாலோ குரல் ஈரமாக ஒலித்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

எல்லா மாத்திரைகளையும் பொடியாக்கலாம் என்று எண்ணுவது பரவலான தவறு. பெயருடன் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எம்.ஆர். ஆகிய எழுத்துகள் இருந்தால், அம்மாத்திரை பல மணி நேரத்தில் சிறிது சிறிதாக மருந்தை வெளிவிடுமாறு செய்யப்பட்டது. அதைப் பொடித்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் உடலுக்குள் சென்றுவிடும். குடலில் மட்டும் கரையுமாறு மேலுறை இடப்பட்ட மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது. விழுங்க இயலாதவருக்கு அதே மருந்து திரவமாகக் கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூக்குக்குழாய் வழி மருந்து: செவிலியரிடம் நேரடியாகப் பயின்ற பின்னரே செய்ய வேண்டிய பணி இது. தலைப்பகுதி 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். மூக்கின் விளிம்பில் குழாயின் மீது இடப்பட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் செலுத்தக் கூடாது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே நீரில் கரைத்துச் செலுத்த வேண்டும். பல மருந்துகளை ஒன்றாகக் கலக்கக் கூடாது. மருந்துக்கு முன்னும் பின்னும் சுமார் 30 மி.லி. நீர் செலுத்திக் குழாயைச் சுத்தப்படுத்த வேண்டும். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

திரவ மருந்து: வீட்டிலுள்ள தேக்கரண்டிகள் ஒரே அளவினவாக இருப்பதில்லை. மருந்துடன் வரும் அளவு மூடியையோ ஊசியில்லா சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள்.

கண் சொட்டு மருந்து: இரண்டு வகைச் சொட்டுகள் இருந்தால் இடையே ஐந்து நிமிடங்களாவது விட வேண்டும். புட்டியின் முனை கண்ணில் படக் கூடாது.

உறிஞ்சும் மருந்து: ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரைப் பயன்படுத்திய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பச் செய்யுங்கள். இல்லையெனில் வாயில் பூஞ்சைத் தொற்று ஏற்படலாம்.

தோல் ஒட்டு மருந்து: புதியதை ஒட்டுமுன் பழையதை அகற்ற வேண்டும். ஃபென்டனில் ஒட்டு வழக்கமாக 72 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றப்படுவது. அதன்மேல் சூடான நீர்ப்பையை வைக்கக் கூடாது. வெப்பத்தால் மருந்து வேகமாக உட்செல்லும்.

நான்காம் பாடம்: தனிக் கவனம் தேவைப்படும் மருந்துகள்

இன்சுலின்: நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 யூனிட் கொண்ட புட்டிகளும், 1 மி.லி.க்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினும் விற்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய சிரிஞ்சு தனி. 40 யூனிட் வகைக்கான சிரிஞ்சு பெரும்பாலும் சிவப்பு மூடியுடனும், 100 யூனிட் வகைக்கானது ஆரஞ்சு மூடியுடனும் வரும். 40 யூனிட் வகைச் சிரிஞ்சில் 100 யூனிட் வகை இன்சுலினை ‘10’ என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 10 யூனிட் அன்று, 25 யூனிட். மாறாக, 100 யூனிட் வகைச் சிரிஞ்சில் 40 யூனிட் வகை இன்சுலினை அதே கோடு வரை எடுத்தால் 4 யூனிட் மட்டுமே செல்லும். புட்டியிலும் சிரிஞ்சிலும் எண் ஒன்றாக உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பிரிக்காத புட்டியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது.

இன்சுலினோ கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ கொடுத்தபின் நோயாளி சாப்பிடாவிட்டால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். எனவே, உணவு தயாராக இருப்பதையும் நோயாளி சாப்பிடும் நிலையில் இருப்பதையும் உறுதி செய்த பின்னரே இவற்றைக் கொடுங்கள். வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு ஆகியவை சர்க்கரைக் குறைவின் அறிகுறிகள். அளவு 70 மி.கி.க்குக் கீழே இருந்தால், விழிப்புடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதியுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் ஏற்படும் சர்க்கரைக் குறைவு சரியானது போலத் தோன்றி மீண்டும் வரக்கூடும். ஆகவே, தெளிந்த பின்னரும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட்: முடக்குவாதம், சொரியாசிஸ் ஆகியவற்றிற்கு இம்மருந்து வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே கொடுக்கப்படுகிறது. தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் இரத்த அணுக்கள் குறைந்து உயிரிழப்பு நேரலாம். இத்துடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் சிறியதாகவும் மஞ்சள் நிறமாகவும் இருக்கக்கூடும் என்பதால் இரண்டும் எளிதில் மாறிவிடும். கொடுக்க வேண்டிய கிழமையை அட்டையின்மீது பெரிதாக எழுதி, தனி டப்பாவில் வையுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், இரத்தக்கசிவு தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள்: வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகியவற்றை எடுத்துக்கொள்பவருக்கு ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொன்ன நாளில் செய்ய வேண்டும். கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கருநிற மலம், ஈறு அல்லது சிறுநீரில் இரத்தம், தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்ந்தால் காத்திருக்க வேண்டாம்.

டிஜாக்சின்: கொடுப்பதற்கு முன் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். 60-க்குக் குறைவாக இருந்தால் கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

மார்ஃபின்: புற்றுநோய் வலிக்கு இன்றியமையாத மருந்து. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. மலச்சிக்கல் ஏற்படுவதால் மலமிளக்கியையும் உடன் தருவார்கள். அதைத் தவிர்க்க வேண்டாம். எழுப்பியும் எழாத அளவு தூக்கமோ மூச்சு மிகவும் மெதுவாவதோ ஆபத்தின் அறிகுறி. பூட்டிய பெட்டியில் வைத்து, மீதமுள்ள மாத்திரைகளை எண்ணி வாருங்கள்.

திடீரென நிறுத்தக் கூடாதவை: வலிப்பு மருந்துகள், ஸ்டீராய்டு, பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா ஆகியவை. லெவோடோபாவின் நேரம் சிறிது தவறினாலும் நோயாளியின் உடல் இறுகி அசைய முடியாமல் போகலாம். இம்மருந்துகள் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

தைராக்சின்: வெறும் வயிற்றில், உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்கள் முன்பு கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

ஐந்தாம் பாடம்: பதிவேடு

ஒரு சாதாரண நோட்டுப்புத்தகம் போதும். முதல் பக்கத்தில் நோயாளியின் பெயர், வயது, நோய்கள், ஒவ்வாமை உள்ள மருந்துகள், மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் தற்போது கொடுக்கும் எல்லா மருந்துகளையும் பொதுப்பெயர், அளவு, நேரம், காரணம் ஆகியவற்றுடன் பட்டியலிடுங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள், சத்து மாத்திரைகள், கைமருந்துகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். மூன்றாம் பக்கம் முதல் நாள்வாரியாக, கொடுத்த நேரத்தையும் கொடுத்தவரின் பெயரையும் எழுதுங்கள். கொடுக்க முடியாவிட்டால் காரணத்தை எழுதுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இப்பதிவேட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்புமுன், “பழைய மருந்துகளில் எவற்றைத் தொடர வேண்டும்? எவற்றை நிறுத்த வேண்டும்? புதியவை எவை?” என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்றுக்கொள்ளுங்கள். நிறுத்தப்பட்ட மருந்தை வீட்டில் மற்றவற்றுடன் வைத்திருக்க வேண்டாம்.

பலர் மாறி மாறிப் பராமரிக்கும் வீடுகளில் இப்பதிவேடே பொறுப்பை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுகிறது. “அக்கா கொடுத்திருப்பார்” என்று தங்கையும், “தங்கை கொடுத்திருப்பாள்” என்று அக்காவும் எண்ணிக்கொள்வதால் ஒரு வேளை விடுபடுகிறது. இருவரும் கொடுத்துவிட்டால் இரட்டிப்பாகிறது. பதிவேட்டைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை என்று குடும்பத்தில் அனைவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நோயாளியின் விருப்பமும் மதிப்பும்

மருந்தை எடுத்துக்கொள்பவர் ஒரு மனிதர் என்பதை மறக்கக் கூடாது. என்ன மருந்து என்று ஒவ்வொரு முறையும் அவரிடம் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் மறுத்தால் வாயைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. காரணத்தைக் கேளுங்கள். விழுங்கும்போது தொண்டை வலிக்கலாம், மருந்து குமட்டலை உண்டாக்கலாம், மனம் சோர்ந்திருக்கலாம். சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள். தொடர்ந்து மறுத்தால் பதிவேட்டில் எழுதி மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மறதிநோய் உள்ளவருக்குச் சோற்றில் மறைத்து மருந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். சோறு பாதியில் நின்றால் மருந்தின் அளவு தெரியாமல் போகும். சில மருந்துகள் உணவுடன் சேரக் கூடாதவை. ஐயம் ஏற்பட்டால் அவர் உணவையே மறுக்கத் தொடங்குவார். கோபத்தையும் அலைச்சலையும் அடக்குவதற்காக அதிகப்படியான தூக்க மாத்திரை கொடுப்பது எந்நிலையிலும் கூடாது.

தவறு நேர்ந்தால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவறு நேரலாம். தவறை உடனே சொல்பவரே பாதுகாப்பான மருந்து உதவியாளர். தவறு தெரிந்தவுடன் பின்வருமாறு செய்யுங்கள்.

1. நோயாளியைப் பாருங்கள்: விழிப்பு, மூச்சு, நாடி, பேச்சு.
2. மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு, முகமோ நாக்கோ வீங்குதல் இருப்பின் 108-ஐ அழையுங்கள்.
3. அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடமோ 104 மருத்துவ உதவி எண்ணிலோ தெரிவியுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்பதைச் சொல்லுங்கள்.
4. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எதிர்மருந்து என்று எண்ணி வேறெதையும் கொடுக்கக் கூடாது.
5. மருந்து அட்டையை எடுத்து வையுங்கள். நடந்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

முதியோர் இல்லம் நடத்துவோருக்கும் குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தவற்றைச் சொன்ன பணியாளரைத் திட்டி வேலையை விட்டு நீக்கினால், அடுத்த தவறு உங்களுக்குத் தெரியாமல் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவற்றுக்கு விலை கொடுப்பவர் நோயாளி. ஏன் நேர்ந்தது என்று கேட்டு, அதற்கான காரணத்தை நீக்குங்கள்.

இப்பணியைத் தொழிலாக ஏற்க விரும்புவோருக்கு

இல்லப் பராமரிப்பு உதவியாளர், பொதுப் பணி உதவியாளர் ஆகிய குறுகியகாலப் பயிற்சிகள் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் நடத்தப்படுகின்றன. இவற்றை முடித்தவர் செவிலியர் ஆகிவிடுவதில்லை. நோயாளியைக் குளிப்பாட்டுதல், நகர்த்துதல், உணவூட்டுதல், எழுதித் தரப்பட்ட மருந்தை நினைவூட்டுதல் ஆகியவற்றில் துணைபுரிவதே அவர் பணி. ஊசி போடுவதற்கும் மருந்து செலுத்துவதற்கும் முழுத் தகுதி பெற விரும்புவோர், மூன்றாண்டு பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பையோ நான்காண்டு செவிலியர் பட்டப் படிப்பையோ முடித்து, செவிலியர் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உதவியாளரை அமர்த்தும் குடும்பத்தினர், அவர் எந்தப் பயிற்சி பெற்றவர் என்று சான்றிதழைப் பார்த்து அறிய வேண்டும். பயிற்சிக்கு அப்பாற்பட்ட வேலையை அவர்மீது சுமத்தக் கூடாது. “எனக்கு இது தெரியாது” என்று ஓர் உதவியாளர் சொன்னால் அதைக் குறையாகக் கருதாதீர்கள். அதுவே நோயாளிக்குப் பாதுகாப்பு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வேளை மருந்து விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கலாமா?
கூடாது. சிறிது நேரமே கடந்திருந்தால் பெரும்பாலான மருந்துகளை நினைவு வந்தவுடன் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு வழக்கம்போல் தொடருங்கள். இன்சுலின், இரத்த உறைவுத் தடுப்பு மருந்து, வலிப்பு மருந்து, மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றுக்கு மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மருந்து கொடுத்தவுடன் வாந்தி எடுத்தால் மீண்டும் கொடுக்கலாமா?
நீங்களாகக் கொடுக்க வேண்டாம். எத்தனை நிமிடங்களில் வாந்தி வந்தது, மாத்திரை முழுதாக வெளிவந்ததா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வாரத்திற்கான மாத்திரைகளை முன்கூட்டியே பிரித்து வைக்கலாமா?
நாள், வேளை குறிக்கப்பட்ட மாத்திரைப் பெட்டியில் வைக்கலாம். பிரித்து வைத்ததை மற்றொருவர் சரிபார்ப்பது நல்லது. ஈரம் படக் கூடாத மாத்திரைகளையும் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகளையும் அட்டையிலேயே வையுங்கள்.

மருந்தால் பக்கவிளைவு ஏற்பட்டதாக ஐயம் உள்ளது. யாரிடம் தெரிவிப்பது?
முதலில் உங்கள் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024 வாயிலாகப் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா?
பல நேரங்களில் முடியும். ஆனால் நீங்களாகக் குறைக்கக் கூடாது. பதிவேட்டைக் காட்டி, “இவற்றில் இப்போது தேவையில்லாதது ஏதேனும் உண்டா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது முறையான கேள்வியே.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை: 104
மூத்த குடிமக்கள் உதவி எண்: 14567

இறுதியாக, மருந்து கொடுப்பவரும் ஓய்வெடுக்க வேண்டும். இரவு முழுதும் கண்விழித்தவர் காலையில் மாத்திரை அட்டையைப் படிப்பதில் பிழை நேர்வது இயல்பு. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இப்பயிற்சியைக் கொடுங்கள். நீங்கள் நோயுற்றாலோ வெளியூர் சென்றாலோ நோயாளிக்கு ஒரு வேளையும் தவறாமல் இருக்க அதுவே வழி.

குறிப்பு: இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொதுவான விழிப்புணர்வுக்கானவை. உங்கள் நோயாளிக்கு மருத்துவர் தனியாக வழங்கிய அறிவுரை இதிலிருந்து வேறுபட்டால், அந்த அறிவுரையையே பின்பற்றுங்கள்.